இரண்டாவது வரிசைக்குப் போட்ட மக்காச்சோளம்

அம்மிணி,

நேற்றுக் காலை போனில், "ஏனுங்கப்பா, ரெண்டு வேலைல எதுக்குப் போறதுங்க?" என்று கேட்டாய். நானும் பெரிய மகான் மாதிரி, "உன்ற இஷ்டம் சாமி, நான் குறுக்க வரமாட்டேன்" என்றேன். போனை வைத்ததும் உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.  முப்பது வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், நான் எப்போதெல்லாம் மகானாகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன். கென்யாவில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும், நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கல்லூரிக்கும் திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்கு இருமல் வந்துவிடும். எழுதினால் தப்பிக்க முடியாது. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லவும் கை வரவில்லை. கோழிப் பண்ணைக்காரன், கோழியில் ஆரம்பித்துத்தான் எங்கும் போய்ச் சேருவேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ நான்காம் வகுப்பு படிக்கும்போது, நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே இருக்கும் நம் காட்டில் செஞ்சோளம் போட்டிருந்தோம். பக்கத்துக் காட்டில் வெள்ளைச் சோளம். குருவிக் கூட்டம் வந்து வெள்ளைச் சோளத்தை மொட்டையடித்துவிட்டுப் போனது, நம் கதிரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். நீதான் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, ஏன் அப்பா நம்முதைத் திங்க மாட்டேங்குது என்று கேட்டாய். "குருவிகிட்டயே போய்க் கேளு" என்றேன். நீ போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தாய். பால் பிடித்திருந்த கதிரில் ஒரு பிடி உருவி வாயில் போட்டு மென்று, முகத்தைக் கோணிக்கொண்டு ஓடிவந்து, "அப்பா, நாக்கு ஒட்டுதுங்க" என்றாய். நான் சிரித்தேன். உன் வாயைக் கழுவிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். குருவிக்குப் பிடிக்காத அந்தத் துவர்ப்புக்கு டானின் என்று பேர் என்பதும், என் பெண் அதன் பின்னாலேயே இத்தனை வருஷம் போகப்போகிறாள் என்பதும் எனக்கு என்ன தெரியும்? நான் சரியான பதில் சொல்லாததாலேயே நீ தேடிப் போனாய் என்று உன் அம்மா சொல்லுவாள். அப்படிப் பார்த்தால் என் மடத்தனத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பிறகு நீ உயிர் வேதியியல் படித்து, சேலத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி, வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து எனக்குப் பாடம் எடுத்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தானியத்தில் புரதம் இருக்கிறது, ஆனால் டானின் அதைப் பிடித்துக்கொண்டால் விடாது, குடலுக்குள் போனாலும் பிரியாது, தின்றவர் வயிறு நிறைந்திருக்கும், உடம்பில் மட்டும் ஒட்டாது என்றாய். "கட்டிப் பிடிச்சே பட்டினி போடற சாமானா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், உன் கைடு மேடத்திடமும் போய்ச் சொன்னாய். சிவப்பாக இருந்தால் டானின், வெளுப்பாக இருந்தால் இல்லை என்று முப்பது வருஷமாகத் தீவனத்துக்குச் சோளம் வாங்கியவன் நான். நீ ஒரு பிடி சோளத்தை பிளீச்சிங் தண்ணீரில் போட்டு வைத்தாய். தோல் கரைந்ததும் சில மணிகள் கன்னங்கரேல் என்று ஆயின, டானின் இருப்பவை அவை. சில மணிகள் வெளுத்துப்போயின, அவற்றில் டானின் இல்லை. வெளுத்ததில் பாதி, நான் சிவப்பு என்று ஒதுக்கி வைத்திருந்தவை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், நிறத்தைப் பார்த்து ஒதுக்காதே என்று எனக்குச் சொல்லித் தர என் வீட்டிலேயே ஒரு ஆள் பிறந்ததற்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்!

உன் யோசனை எளிமையானது. செஞ்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் டானினின் பிடி தளரும், கோழிக்குப் புரதம் கிடைக்கும். அதை நிரூபிக்க நம் பண்ணையில் சின்ன ஷெட்டை ஒதுக்கித் தரச் சொன்னாய். மூன்று வரிசைக் கூண்டு. முதல் வரிசைக்கு மக்காச்சோளத் தீவனம், இரண்டாவதற்குச் சும்மா அரைத்த செஞ்சோளத் தீவனம், மூன்றாவதற்கு ஊறவைத்த செஞ்சோளத் தீவனம். சோயா, தவிடு, கிளிஞ்சல் எல்லாம் மூன்றிலும் ஒன்றே. தினமும் தீவனத்தை எடை போட்டு வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தாய். பன்னிரண்டு வாரம். "வேற ஒண்ணும் போட்றாதீங்கப்பா" என்று ஒரு தடவை சொன்னாய். ஒரு தடவைதான் சொன்னாய். பண்ணைக்காரனிடம் பத்துத் தடவை சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரமே இரண்டாவது வரிசைக் கோழிகள் வாடத் தொடங்கின. கொண்டை வெளுத்தது, நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. கோழி இளைத்தால் என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் மோகனூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்தவர், நேராக அந்த ஷெட்டுக்குள் போய்விட்டார். வெளியே வந்து, "என்னங்க, கோழிக்குச் சீக்குங்களா? உங்க பண்ணைல இப்படி நான் பாத்ததே இல்லீங்களே" என்றார். ஆராய்ச்சி என்று சொன்னேன். அவர் "ஓ" என்றார். அந்த "ஓ" எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. மறுநாள் மத்தியானம், நீ சேலம் பஸ் ஏறியபிறகு, ஒரு போசிப் பாத்திரம் நிறைய மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது வரிசைக்கு இறைத்தேன். இரக்கத்தால் போட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மறு பாதி வறட்டுக் கௌரவம். அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை. கோழி தேறியது. நானும் தேறினேன்.

பன்னிரண்டாவது வாரம் நீ கணக்குப் பார்த்தாய். எடையிலும் முட்டைக் கணக்கிலும் இரண்டாவது வரிசையும் மூன்றாவது வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டி, கடைசியில், "என்ற சுண்ணாம்புத் தண்ணிக்கு வேலையே இல்லீங்கப்பா. ஊறவெச்சாலும் ஒண்ணுதான், ஊறவெக்காட்டியும் ஒண்ணுதான்" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. வந்த முடிவைத்தான் எழுத வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்களாம். நான்கு வருஷ உழைப்பு. நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "போதுங்கப்பா. இது நமக்கு வராது. மாப்பிள்ளை பாக்கறதுன்னா பாருங்க" என்றாய். இதையும் எழுதிவிடுகிறேன்: அந்த ஒரு நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெண் பக்கத்திலேயே இருந்துவிடுவாள் என்று. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என்னைக் காட்டிக் கொடுத்தது உன் அம்மாவின் அடுப்படி. எண்ணி முடித்த முட்டைகள், வரிசை எண் போட்ட தட்டுகளில் வீட்டுக்குத்தானே வரும். அன்று ஆம்லெட் போட உடைத்தவள், "ஏனுங்க, மூணாவது வரிசை முட்டை வெளுப்பா இருக்குது. ரெண்டாவது வரிசை மட்டும் எப்படீங்க இந்த மஞ்சள்ல இருக்குது? ரெண்டும் சோளம்தானே திங்குது?" என்று கேட்டாள். சோளம் தின்ற கோழியின் கரு வெளுக்கும், மக்காச்சோளம் தின்றால்தான் மஞ்சள் ஏறும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். எனக்கு அது மறந்துபோயிருந்தது. நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டேன். "நீங்களே சொல்லிப்போடுங்க. அவ அங்கதான் நிக்கறா" என்றாள். செய்தித்தாளை இறக்கினேன். நீ இரண்டு கிண்ணங்களை என் முன்னால் வைத்தாய். ஒன்றில் வெளுத்த கரு, ஒன்றில் மஞ்சள் கரு. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மோகனூர்க்காரரின் "ஓ" உட்பட. நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். "முட்டைய எண்ணுனேன், எடை போட்டேன். உடைச்சுப் பாக்கோணும்னு எனக்குத் தோணலீங்களேப்பா" என்றாய். தப்பில் உனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு சேலம் போய்விட்டாய்.

பதினொரு நாள் நீ என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினாய், போன் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் வந்து இறங்கினாய். மறுபடியும் முதலிலிருந்து செய்யப்போவதாகச் சொன்னாய். மேடம் வேறு இடத்தில் ஷெட் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னதும், நீ வேண்டாம் என்றதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நம்ம ஷெட்லயே பண்றேனுங்க. தீவனம் நீங்கதான் வெக்கோணும்" என்றாய். வேறு யாரையாவது போடு, என் கை திருட்டுக் கை என்றேன். "ஆள மாத்துனா அதுவும் ஒரு மாத்தம்ங்கப்பா. முன்னாடி வெச்ச ஆளே வெக்கட்டும். ஒழுங்கா வெக்கட்டும்" என்று, கடையில் சாமான் சொல்வது போலச் சொல்லிவிட்டு எடைத்தட்டை என் கையில் கொடுத்தாய். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.  இத்தனை வருஷத்தில் எனக்கு எத்தனையோ பேர் சால்வை போட்டிருக்கிறார்கள். அந்த எடைத்தட்டுக்கு எதுவும் ஈடு கிடையாது. அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன் சாமி. நன்றி.

அந்த இரண்டாவது பன்னிரண்டு வாரம் எனக்குப் பத்தியம் இருந்த மாதிரி. புதுக் கோழிகள். அவற்றுக்கு என்ன தெரியும், ஆள் வந்தால் கழுத்தை நீட்டும். இரண்டாவது வரிசைக்குத் தீவனத்தை வைத்ததும் தோள் துண்டை எடுத்து என் இரண்டு கைகளையும் பின்னால் சுற்றிக்கொள்வேன். அப்படியேதான் வெளியே வருவேன். நம் வேலையாட்கள் பார்த்துச் சிரித்தார்கள். மோகனூர்க்காரர் மறுபடி வந்தார், மறுபடி "ஓ" என்றார். "ஆமாங்க, எளைச்சுத்தான் போச்சு. எளைக்கோணும்னுதான் வெச்சிருக்குது" என்றேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இளைத்த கோழிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். கடைசியில் கணக்குப் பார்த்தபோது இரண்டாவது வரிசை சரிந்திருந்தது, மூன்றாவது வரிசை முதல் வரிசையை எட்டிப் பிடித்திருந்தது. முட்டையையும் உடைத்துப் பார்த்தாய், இரண்டு சோள வரிசையிலும் ஒரே வெளுப்பு. நீ ஷெட்டுக்குள் குதித்த குதியில் கோழியெல்லாம் மிரண்டுபோயின. கடைசிக் கோழியை எடை போட்டு எழுதி, பேனாவை மூடியபிறகு, நீயே குடோனுக்குப் போய் ஒரு போசி மக்காச்சோளம் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாய். "இப்பப் போடுங்கப்பா" என்றாய். நான் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தீவனத் தூசி காரணம் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பொய்.

உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், "தீவனம் வைத்தவர்: என் அப்பா" என்று ஒரு வரி போட்டிருந்தாய். உறவுக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, என்னப்பா உன்னைக் கோழிக்குத் தீவனம் வைக்கிறவனாக்கிவிட்டாள் என்று கேலி செய்தார்கள். நடந்தது என்னவென்று ஒருவரிடமும் நீ சொல்லவில்லை. உன் அம்மாவும் சொல்லவில்லை. மேடம் ஒருவருக்குத்தான் தெரியும். என் மானத்தைக் காப்பாற்றியது நீங்கள் மூன்று பேரும்தான். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? கேள்.

கென்யாவிலிருந்து கடிதம் வந்த அன்று நீ போனில் சொன்னாய். அங்கே செஞ்சோளம் கோழிக்கு இல்லை, மனிதர்களுக்கு. கூழாகக் காய்ச்சிக் குழந்தைகளுக்குத்தான் கொடுக்கிறார்கள், வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது, அந்த அம்மாமார்களோடு உட்கார்ந்து அவர்கள் அடுப்படியிலேயே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். உன் குரலே துள்ளியது. நானும் வாழ்த்தினேன். அடுத்த வாரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தக் கல்லூரியின் தாளாளர். ஒரு வருஷத்துக்கு முன்னால் நீ அங்கே விண்ணப்பித்ததும், பதிலே வராததும் எனக்கு நினைவுக்கு வந்தது. பாயசம் வருவதற்குள் சொல்லிவிட்டேன். "நம்ம பாப்பா பேப்பர் உங்க ஆபீஸ்ல கெடக்குதுங்க, கொஞ்சம் தூசி தட்டிப் பாருங்க" என்று. பத்தே நாளில் உனக்கு வேலை உத்தரவு வந்தது. உன் படிப்பைப் பார்த்து வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். படிப்புக்காகவும் தந்திருக்கலாம், உன் தகுதிக்கு அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அசைத்தது நான்.

அதோடு விட்டேனா? போன வாரம் மேடத்துக்கே போன் செய்து, கல்லூரி வேலைக்குப் போகச் சொல்லி உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றேன்.  அவர்கள், "ஐயா, மறுபடியும் மக்காச்சோளம் போடறீங்களா?" என்று கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது. "நான் அவகிட்டச் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் நேற்று உன்னிடம் உன்ற இஷ்டம் என்று சொன்னேன் பார், என்னை என்ன செய்தால் தகும்? கையில் போசியை வைத்துக்கொண்டே சொன்னேன்.

போகாதே என்று சொல்ல எனக்கு ஆசை இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. எனக்கு வயதாகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உன் அம்மா முன்னைவிடக் குறைவாகப் பேசுகிறாள், நீ இரண்டு வருஷம் அவ்வளவு தூரத்தில் இருந்தால் எங்களுக்குக் கஷ்டம்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீ கணக்குப் போடு, அது நியாயம். உனக்குத் தெரியாமல் நான் உள்ளே இறைத்ததை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதே. கல்லூரி வேலைதான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதற்கே போ, நான் சொல்லி வந்தது என்பதற்காக ரோஷப்பட்டு விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் இரண்டு கிண்ணமும் உன் கண் முன்னால் இருக்கட்டும். போன தடவை உன் அம்மா முட்டையை உடைத்தபிறகுதான் வாயைத் திறந்தேன். இந்தத் தடவை யாரும் உடைப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். இந்த வயதில் என்னால் முடிந்த முன்னேற்றம் இவ்வளவுதான், அதுவும் நீ கற்றுக்கொடுத்தது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன், வழியில் மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்வேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் நானே அஸ்தம்பட்டிக்கு வருகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டு எதிர்ப்புறம் இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவேன். நீ நிதானமாகப் படி. பதினொரு நாள் பேசக்கூடாது என்று தோன்றினால் பேசாதே, நான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்துக்கொள்வேன். கீழே இறங்கி வருவதாக இருந்தால், என் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதே, அது எப்போதும் போகாதே என்றுதான் சொல்லும். முடிவெடுத்துவிட்டு வா. எழுதி, பேனாவை மூடிவிட்டு வா. அதுவரைக்கும் என் இரண்டு கையும் பின்னால் துண்டுக்குள் இருக்கும். டீயைக்கூட நீ வந்தபிறகுதான் வாங்குவேன்.

தீவனம் வைத்த
உன் அப்பா